வரிசையில் நிற்கிற நேரம் யாருடையது?

ஓட்டுநர் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

28 வருடம் லாரி ஓட்டினேன். முழங்கால் தேய்ந்ததும் இறங்கிவிட்டேன். இப்போது நாமக்கல்லில் டிரைவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: லோடு ஏற்றக் காத்திருக்கிற நேரம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்துவைத்துவிட்டேன்.

*

கேள்வி: அண்ணா, நான் பன்னிரண்டு சக்கர டாரஸ் ஓட்டுகிறேன். போன வாரம் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு விடிகாலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். டோக்கன் நம்பர் 64. மூட்டை ஏறி, தார்ப்பாய் கட்டி, கேட்டை விட்டு வெளியே வரும்போது இரவு 9 மணி. உடனே முதலாளி போன். "காலைல 6 மணிக்குப் பாலக்காட்டுல வண்டி நிக்கோணும்" என்றார். தூக்கம் வருகிறது என்றேன். "பகல் பூரா அங்க படுத்துத்தானே கிடந்தே?" என்கிறார். சட்டப்படி நான் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்?
(ராசிபுரம் பக்கத்து ஓட்டுநர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: தம்பி, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. நெடுந்தூர ஓட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியிருந்தால் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றது. 5 மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும். அந்த ஓய்வையும் சேர்த்து, வேலை தொடங்கிய நிமிடத்திலிருந்து விடுகிற நிமிடம் வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கப்புறம் அடுத்த நாள் வேலைக்கு முன்னால் தொடர்ந்து 9 மணி நேரம் விட வேண்டும். வண்டி பழுது, போக்குவரத்துத் தடை, இயற்கைச் சீற்றம் என்று அதில் சில விலக்குகள் இருந்தன. லோடிங் தாமதம் அந்தப் பட்டியலில் இல்லை.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கிற நிறுவனத்துக்கு என்று எழுதியது உண்மைதான். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டுகிற எவருக்கும் அந்த வேலை நேரம்தான் என்கிறது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பழைய 1961 சட்டம் அதற்குள் போய்விட்டது. அப்போதும் 8 மணி நேரம் மாறவில்லை.

இப்போது உங்கள் நாளை இதில் வைத்துப் பாருங்கள். காலை 5க்குத் தொடங்கியது. மாலை 5க்கு 12 மணி நேரம் தீர்ந்து உங்கள் நாள் முடிந்துவிட்டது. இரவு 9 மணிக்கு முதலாளி போன் செய்தபோது, முடிந்து நாலு மணி நேரமான ஒரு நாளைத்தான் மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார்.

சரி, "படுத்துத்தானே கிடந்தே" என்பதற்கு வருவோம். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் வயிறு எரியும். வேலை நேரம் என்றால் என்ன என்று அதே 1961 சட்டம் விளக்கியது. தொழிலாளி முதலாளிக்கோ, அவரிடம் வேலை வாங்க உரிமையுள்ள வேறு ஒருவருக்கோ கட்டுப்பட்டு இருக்கிற நேரம் வேலை நேரம். ஏற்றுவதும் இறக்குவதும் துணை வேலை என்று பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறார்கள். வண்டி நிற்கிற நேரத்தைக் கழிக்க வேண்டுமென்றால், அந்த நேரத்தைத் தன் விருப்பம்போலச் செலவிட டிரைவருக்குச் சுதந்திரம் இருந்திருக்க வேண்டும். விஷயம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. முதலாளியிடம் கேளுங்கள்: "அந்தப் பதினாறு மணி நேரத்தில் எந்த ரெண்டு மணி நேரம் நான் வண்டியை விட்டுட்டுப் போயிருக்கலாமுங்க?"

வரிசை எப்படி இருக்கும் என்று லாரி ஏறாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் 63 வண்டி. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரிசை ஒரு லாரி நீளம் நகரும். என்ஜினைப் போட்டு, நகர்த்தி, அணைத்து, கண்ணை மூடினால் மறுபடி முன்வண்டி உறுமும். நகர்த்தத் தவறினால் பின்னால் இருக்கிறவன் ஒடித்து உள்ளே நுழைந்துவிடுவான். அப்புறம் கேட்டில் சண்டை. காவலாளி கதவைத் தடியால் தட்டிக்கொண்டே போவார். வண்டியை விட்டு நகர்ந்தால் பேட்டரி போகும், டீசல் போகும், ஸ்டெப்னி போகும். அரியலூர் வெயிலில் கேபின் தகரம் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். 2025 அக்டோபர் முதல் தயாராகிற பெரிய லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஏசிக்கு என்ஜின் ஓட வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே டீசல் எரிக்க எந்த முதலாளி சம்மதிப்பார்?

இதில் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் வருடம். ஓசூரில் ஒரு கிடங்கில் காலை 6 மணியிலிருந்து வரிசையில் நின்று, இரவு 10 மணிக்கு லோடோடு வெளியே வந்தேன். கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரியின் பின் விளக்கு இரண்டும் சிவப்பாகத் தெரிகிறது. நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஆனால் என் மனதில் நான் இன்னும் ஓசூர் கிடங்கு வரிசையில் நிற்கிறேன். முன்வண்டி நகர்கிறது, நானும் ஒரு வண்டி நீளம் முன்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கிறவன் நுழைந்துவிடுவான் என்று தோன்றுகிறது. பிரேக்கில் இருந்த காலை எடுத்துவிட்டேன். அதுவும் தொப்பூர் இறக்கத்தில், முழு பாரத்தோடு.

கிளீனர் பையன் "அண்ணா!" என்று கத்தி என் தொடையில் ஓங்கி அடித்தான். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி மலைப்பக்கத்துச் சரிவில் உரசிக்கொண்டே போய் நின்றது. இடது கண்ணாடியும் டூல் பாக்ஸும் போயின. முன்னால் போன லாரிக்காரனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றே தெரியாது. அவன் பாட்டுக்குப் போய்விட்டான். இறங்கி நின்றால் கால் நடுங்குகிறது. பையன் தண்ணீர் கேனை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. அன்றைக்கு நான் வண்டி ஓட்டியது நாலு மணி நேரம்கூட இல்லை. முதலாளியின் கணக்கில் நான் பகல் பூராப் படுத்துக் கிடந்தவன்தான்.

அதனால் தம்பி, அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். "தூக்கம் வருது" என்று சொல்லாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் தள்ளிவிடுவார்கள். மணியைச் சொல்லுங்கள். "காலை 5 மணிக்குக் கேட், இரவு 9 மணிக்கு வெளியே, 16 மணி நேரம் ஆச்சு. பங்க்குல போட்டுட்டுத் தூங்கி எழுந்து, விடிஞ்சு கிளம்பறனுங்க. பாலக்காட்டுக்கு மத்தியானத்துக்கு மேல சேரும்." இதைப் பேச்சில் சொன்னாலும், வாட்ஸப்பில் எழுதியும் அனுப்பிவிடுங்கள். கூடவே எடை மேடைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். காலி வண்டி எடை போட்ட மணியும் லோடு வண்டி எடை போட்ட மணியும் அதிலேயே அச்சாகியிருக்கும். அதை மறுத்துப் பேச ஆளில்லை. டோக்கன் சீட்டையும் கேட் பாஸையும் கசக்கி எறியாதீர்கள்.

300 கிலோமீட்டருக்கு மேல், முழு லோடு, இரவு ஓட்டம். விடிகாலை 2 மணிக்கு மேல் 5 மணி வரை உடம்பு தானாகத் தூக்கத்துக்கு இறங்குகிற நேரம். அந்த நேரத்தில் நீங்கள் கோவையைத் தாண்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள். அந்த இரவு என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஓட்டியிருந்தால், ஊர் போய்ச் சேர்ந்தது உங்கள் நல்ல காலம். இனி அப்படிப் போக வேண்டாம்.

*

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் லைன் டிரைவர். லோடு ஏற ராத்திரி ஆகிவிட்டது என்றால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மணிக்கு, ரெண்டு மணிக்கு எழுந்து போன் போட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன், அவர் கண் அசந்துவிடக் கூடாது என்று. நான் செய்வது சரிதானா?
(இல்லத்தரசி, திருச்செங்கோடு)

பதில்: அம்மிணி, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. எத்தனையோ வீட்டில் இந்த போன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பேச்சுக் கொடுத்தால்தான் விழித்திருப்பார் என்கிற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அவர் வண்டியை நிறுத்த வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ம்" கொட்டிக்கொண்டே இரண்டு மூன்று விநாடி தூங்குவார். அந்த இரண்டு மூன்று விநாடியில் லாரி ஐம்பது அறுபது மீட்டர் போய்விடும். போதாததற்கு ஒரு கை போனில் இருக்கும்.

போனை வண்டி கிளம்பும் முன்னால் போடுங்கள். லோடு ஏறிவிட்டது என்று அவர் சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா எப்பத் தூங்கினீங்க, எத்தனை மணி நேரம்?" வரிசையில் விட்டு விட்டுக் கண் அயர்ந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருநாள் பொழுதில் சேர்ந்தாற்போல ஐந்தாறு மணி நேரம் தூங்கவில்லை என்றால், "பங்க்குல போட்டுட்டுப் படுங்க, காலைல பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். முதலாளி சொன்னால் மறுத்துப் பேச நூறு காரணம் இருக்கிற மனிதர், நீங்கள் சொன்னால் பேசாமல் கேட்பார். தொப்பூருக்கு அப்புறம் என் மனைவி அடுப்பங்கரைக் காலண்டரில், நான் எந்தக் கேட்டுக்குள் எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று பென்சிலால் குறித்துவைத்தாள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே என் கணக்கும் இருக்கும். நான் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறேன் என்பது என்னைவிட அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.

*

கேள்வி: டீ, பாக்கு, முகம் கழுவுவது... தூக்கத்துக்கு எது நல்லது?
(புதிய ஓட்டுநர், மோகனூர்)

பதில்: தூக்கத்துக்குத் தூக்கம்தான் நல்லது தம்பி. முகம் கழுவினால் ஐந்து பத்து நிமிடம் தாங்கும். ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் அலாரம் வைத்துப் படுத்தால், எழும்போது டீயும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் அது நல்ல இடமாகப் பார்த்து வண்டியைப் போடுகிற வரைக்கும்தான். அதை நம்பி இரவு முழுக்க ஓட்டாதீர்கள். பாக்கை விட்டுவிடுங்கள்.

*

கேள்வி: நீங்கள் எப்போதும் டிரைவர் பக்கமே பேசுகிறீர்கள். நான் ஒற்றை லாரி வைத்திருக்கிறவன். மாதத் தவணை, டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று எல்லாம் என் தலையில். லோடுக்கு ஒன்றரை நாள் வண்டி நின்றால் எனக்கு ஒன்றரை நாள் வாடகை போச்சு. ஹால்டிங் (வண்டி நின்றதற்கான கூலி) கேட்டால் புரோக்கர் "அடுத்த லோடுல பார்த்துக்கலாம்" என்கிறார். டிரைவரை விரட்டாமல் நான் வேறு என்ன செய்வது?
(லாரி உரிமையாளர், சங்ககிரி)

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கஷ்டம் பொய் இல்லை. நீங்களும் டிரைவரும் ஒரே இடத்தில்தான் இழக்கிறீர்கள். அந்த இடம் லோடிங் பாயிண்ட். அங்கே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஏற்றுகிற மேடை நாலோ ஐந்தோதான். ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை வண்டிதான் ஏற்ற முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தும் எல்லா வண்டியையும் காலையிலேயே வரச் சொல்கிறார்கள். லோடுமேன் ஒரு நிமிடம் சும்மா உட்காரக் கூடாது என்பதற்காக, அறுபது டிரைவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அன்லோடிங்கில் இன்னும் மோசம். கிடங்கில் இடமில்லை என்றால் உங்கள் லாரியையே வாடகையில்லாத கிடங்காக வைத்துக்கொள்கிறார்கள். நிற்க வைப்பதற்கு அவர்கள் ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. கொடுக்காத வரைக்கும் வரிசை குறையாது.

அதனால் காசைக் கேட்கிற நேரத்தை மாற்றுங்கள். லோடு இறங்கின பிறகு கேட்டால் நம் கையில் ஒன்றுமில்லை. வண்டியை அனுப்பும் முன்னாலேயே புரோக்கருக்கு எழுத்தில் போடுங்கள்: வண்டி இத்தனை மணிக்கு ஆஜர், ஏற்ற இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு வண்டி கிளம்பட்டும். எல்.ஆரில் (லாரி ரசீதில்) வண்டி போய்ச் சேர்ந்த மணியை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் கேட்டால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள் என்கிற பயம் நியாயம்தான். அதற்குத்தான் சங்கம் இருக்கிறது. வாடகை உயர்வுக்கு ஒன்றாக நிற்கிற நம் ஊர்க்காரர்கள் ஹால்டிங்குக்கும் நிற்கலாம்.

இன்னொன்று. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். செலவு மிச்சம் என்று உங்களைப் போன்றவர்கள் மூச்சு விட்டீர்கள், தெரியும். ஆனால் அந்த இரண்டாவது ஆள் ஓட்ட வேண்டிய இரவும் இப்போது ஒரே ஆளின் தலையில் விழுந்துவிட்டது. பல வண்டியில் கிளீனர்கூட இல்லை. என் தொடையில் அடித்து எழுப்ப அன்றைக்கு ஒரு பையன் இருந்தான். உங்கள் டிரைவருக்கு யாரும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். போய்ச் சேர வேண்டிய மணியை, வண்டியை அனுப்பும்போது சொல்லாதீர்கள். லோடோடு கேட்டை விட்டு வெளியே வந்த மணியிலிருந்து கணக்குப் போட்டு, தூங்குகிற நேரத்தையும் சேர்த்து, சரக்கு வாங்குகிற பார்ட்டிக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அந்த போனை டிரைவர் செய்தால் திட்டு வாங்குவார். நீங்கள் செய்தால் பேச்சுவார்த்தை ஆகும்.

*

கேள்வி: இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய, கெடு உள்ள ஜி.எஸ்.டி. சீட்டு) காலையிலேயே போட்டுவிடுகிறார்கள். லோடு ஏற நள்ளிரவு ஆகிறது. "பில் டைம் முடியப் போகுது, நிக்காம ஓட்டு" என்கிறார்கள். திருப்பூரிலிருந்து புனே லோடு. என்ன செய்ய?
(ஓட்டுநர், பரமத்தி வேலூர்)

பதில்: பில்லுக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. புனேவுக்கு உங்களுக்கு ஆறு நாள் அளவுக்குக் கிடைக்கும். முதல் நாள் என்பது, பில் போட்டதற்கு மறுநாள் நள்ளிரவில்தான் முடிகிறது. வண்டி நம்பரைப் பதிவு செய்கிற பார்ட் பி போட்ட நேரத்திலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். அதனால் லோடு ஏறி முடிகிற சமயத்தில் பார்ட் பி போடச் சொல்லுங்கள். அப்படியும் போதவில்லை என்றால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்த பிறகு 8 மணி நேரம் வரை, காரணம் காட்டி ஆன்லைனில் நீட்டிக்கலாம். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது சில நிமிட வேலை.

*

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்தவன். ஸ்காபரோவில் இருந்து ட்ரக் ஓடுகிறேன். இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் ஓடலாம், வேலை எல்லாம் சேர்த்து 14, தொடங்கி 16 மணித்தியாலம் கடந்தால் பிறகு ஓட முடியாது. எல்லாம் மெஷினில் பதிவாகும். வெயர்ஹவுஸ் வாசலில் ஐந்து ஆறு மணித்தியாலம் காக்க வைக்கிறார்கள். அந்த நேரத்துக்கு "ஓய்வு" பட்டனை அழுத்து என்று டிஸ்பாட்சர் சொல்கிறார். அழுத்தலாமோ?
(வாசகர், கனடா)

பதில்: தம்பி, உங்கள் ஊரில் முதலாளியின் குரலுக்குப் பயப்படாத ஒரு கடிகாரமாவது இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் அந்த மெஷினுக்கு வண்டி நிற்பது தெரியும். மனிதன் தூங்கினானா என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எந்த நிமிடமும் கதவுக்குக் கூப்பிடுவார்கள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது ஓய்வு இல்லை, அழுத்தாதீர்கள். "உங்கள் முறை நாலு மணிக்குத்தான், அதுவரை யாரும் கூப்பிட மாட்டோம்" என்று சொல்லி, நீங்களும் படுக்கையில் படுத்துத் தூங்கினால் அழுத்துங்கள், அது உண்மை. பொய்யாக அழுத்தினாலும் அந்த 16 மணித்தியாலக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வந்த மணியையும் போன மணியையும் சரக்குச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: சட்டம் இருக்கிறது என்கிறீர்கள். ரோட்டில் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. யாரிடம் சொல்வது?
(ஓட்டுநர், கரூர்)

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை. வழியில் நிறுத்துகிறவர்கள் ஆர்.சி. பார்ப்பார்கள், பில் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். அதிக பாரம் ஏற்றினால் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாரத்தை நிறுக்க ஊருக்கு ஊர் எடை மேடை உண்டு. "எப்போது தூங்கினாய்?" என்று 28 வருடத்தில் என்னை எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

ஆனாலும் வழி இருக்கிறது. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கும். அங்கே எழுத்தில் மனுக் கொடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கேட், எத்தனை மணிக்கு வெளியே, அப்புறம் எத்தனை மணி நேரம் ஓட்டச் சொன்னார்கள் என்று எழுதி, எடைச் சீட்டு நகலை இணையுங்கள். ஒரு டிரைவர் ஒரு சீட்டோடு போனால் ஒரு மனு. இருபது டிரைவர்கள் ஒரே லோடிங் பாயிண்டின் இருபது சீட்டோடு போனால் அதை ஓரமாக வைத்துவிட முடியாது. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கு இன்னும் பேசப்படுகிறது. அதே வழக்கில் 2025 ஏப்ரலில், ஓட்டுநர்களின் வேலை நேர விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று மாநிலங்களோடு கூடிப் பேசும்படி மத்திய அமைச்சகத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் இதையும் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் சீட்டுகளோடு என்னிடம் வாருங்கள்.

*

கேள்வி: ஐயா, நான் ஒரு ஆலையில் கேட் சூப்பர்வைசர். டிரைவர்கள் எங்களைத்தான் திட்டுகிறார்கள். மேலிடம் சொல்வதைத்தான் செய்கிறோம். என் கையில் என்ன இருக்கிறது?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: உங்கள் கையில் நிறைய இருக்கிறது தம்பி. எழுதிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்கிறேன். லோடு ஏற்றுகிற வேகத்தை உங்களால் கூட்ட முடியாது, சரி. ஆனால் அறுபதாவது வண்டிக்கு இரவு 8 மணிக்கு முன்னால் முறை வராது என்று காலையிலேயே உங்களுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லுங்கள், போதும். வரிசையை வண்டியால் பிடிக்காமல் நம்பரால் பிடியுங்கள். டோக்கன் கொடுத்து, போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஓரமாக ஒரு இடத்தில் வண்டியைப் போடச் சொல்லிவிட்டால், நகர்த்த வேண்டிய வேலை இல்லை, மனிதன் தூங்குவான். ஒரு கழிவறை, ஒரு குடிதண்ணீர்க் குழாய், இரண்டு வேப்பமரம் இருந்தால் இன்னும் நல்லது.

காங்கேயத்தில் ஒரு அரிசி ஆலைக்கு நான் அடிக்கடி போவேன். அங்கே ஒரு வயசான வாட்ச்மேன் இருந்தார். பள்ளிக்கூட நோட்டில் வண்டி நம்பரையும் வந்த மணியையும் எழுதிக்கொள்வார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்களுது மூணு மணிக்கு மேலதான் சாமி. அந்தப் புளியமரத்தடியில போட்டுட்டுத் தூங்குங்க. நான் வந்து எழுப்பறேன்" என்பார். சொன்னபடி மூன்று மணிக்கு வருவார். கதவைத் தட்ட மாட்டார். படியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, காலைத் தொட்டு எழுப்புவார். அந்த ஆலையில் லோடு ஏற்றிய நாளெல்லாம் நான் பாலக்காட்டுக் கணவாயைக் கொட்டாவி விடாமல் தாண்டியிருக்கிறேன்.